ஐந்து வீடு, ஒரு வயல்: அரிசியும் கீரையும் நேரடியாக வாங்கிச் சமைக்க

கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்தில் இறங்கி நெல்லிக்குப்பம் சாலையைப் பிடித்துப் போனால், மனைப்பிரிவுகள் முடிகிற இடத்தில் வயல் தொடங்கிவிடும். காயரம்பேடு, பெருமாட்டுநல்லூர், குமிழி என்று ஏரிப் பாசனத்தில் வாழ்ந்த ஊர்கள் அந்தப் பக்கம் இருக்கின்றன. அங்கே விளையும் நெல் வியாபாரியின் லாரியில் ஏறிப் போய்விடுகிறது. நம் வீட்டுக்கோ எங்கே விளைந்தது என்று யாருக்கும் தெரியாத அரிசி, ஜி.எஸ்.டி. சாலைக் கடையிலிருந்து சிப்பமாக வருகிறது. அந்த வயலின் அரிசியை உங்கள் அடுப்புக்குக் கொண்டுவரும் வழியைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

சமையலறை முழுவதையும் ஒரே மாதத்தில் மாற்றப் போகாதீர்கள். அரிசி, கீரை இரண்டோடு தொடங்குங்கள். அரிசி வைத்திருந்து சாப்பிடும் பொருள் என்பதால் முன்கூட்டியே சொல்லி வாங்கலாம். கீரை மறுநாளே வாடிவிடும் என்பதால் பக்கத்தில் விளைந்தால்தான் ருசி. இந்த இரண்டும் கைவந்தால் பருப்பு, கடலை எண்ணெய், காய் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். சிறு விவசாயிக்குக் கூடுதலாகக் கிடைக்கும் ஐந்து ரூபாயைவிட, அடுத்த அறுவடைக்கும் நீங்கள் வருவீர்கள் என்ற நிச்சயம் பெரிது. ஒரு வீடு தனியாக அந்த நிச்சயத்தைக் கொடுக்க முடியாது. ஐந்து வீடு சேர்ந்தால் முடியும்.

தொடங்கும் முன் ஒரு கணக்கு

1. ஒரு வாரம் சமைக்கும் அரிசியைத் தினமும் அளந்து எழுதுங்கள். சோற்றுக்கு, இட்லி தோசைக்கு, பொங்கல் உப்புமாவுக்கு என்று தனித்தனியாக எழுதவேண்டும்.
2. சோற்றுக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் புது அரிசிக்கு ஒதுக்குங்கள். பெரும்பாலான வீடுகளில் இது மாதம் 5 கிலோ அளவில் வரும்.
3. ஐந்து வீடு சேர்ந்தால் 25 கிலோ. அதாவது ஒரு சிப்பம். ஸ்கூட்டர் முன்னால் வைத்துக் கொண்டுவரலாம்.

தட்டில் எவ்வளவு அரிசி இருக்கவேண்டும் என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி கீரை 400 கிராம், பழம் 100 கிராம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. தானியம் என்றால் இட்லி, சப்பாத்தி எல்லாம் சேர்த்துத்தான். உங்கள் வாரக் கணக்கை இதோடு ஒப்பிட்டால், அரிசி கூடியும் கீரை காய் குறைந்தும் இருப்பது பெரும்பாலும் தெரியவரும். எந்த அரிசி என்று தேர்ந்தெடுக்கும் முன்னால் எவ்வளவு அரிசி என்பதைச் சரிசெய்யுங்கள். உடம்புக்கு அதுதான் முதல் நன்மை.

விவசாயியைத் தேடுவது

1. பருவம் பார்த்துக் கிளம்புங்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் மூன்று நெல் பருவங்கள் உண்டு. சொர்ணவாரி சித்திரையில் தொடங்கி ஆடி, ஆவணியில் அறுவடையாகும். சம்பா ஆவணி வாக்கில் தொடங்கித் தையில் முடியும். நவரை மார்கழி, தையில் நட்டுப் பங்குனி, சித்திரையில் அறுப்பது. மாப்பிள்ளைச் சம்பா போன்ற நீண்டகால ரகங்கள் சம்பாப் பருவத்துக்கானவை. பூங்கார் குறுகிய காலப் பயிர்.

2. பொத்தேரிக்குப் பக்கத்தில் காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. காட்டாங்கொளத்தூர் வட்டாரத்துக்கென வேளாண்மை விரிவாக்க மையமும் உண்டு. இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "ரசாயன மருந்து இல்லாம நெல்லு போடுறவங்க, வீட்டுக்கே அரிசி அரைச்சுக் கொடுக்குறவங்க யாராவது இருக்காங்களா சார்?"

3. பக்கத்தில் கிடைக்காவிட்டால் தெற்கே தேடுங்கள். சிங்கப்பெருமாள்கோவில், திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், உத்திரமேரூர் வட்டாரங்கள் இன்னும் நெல் நாடுதான். செங்கல்பட்டு வரை மின்சார ரயில் போகிறது.

4. பணம் கொடுக்கும் முன் ஒரு முறையாவது வயலுக்குப் போங்கள். அறுவடை முடிந்த பிறகு போனால் கட்டாந்தரையைத்தான் பார்ப்பீர்கள். பயிர் நிற்கும்போது போகவேண்டும்.

5. வயலில் கேட்கவேண்டியவை: விதை எங்கே வாங்கினீர்கள்? களையை எப்படி எடுக்கிறீர்கள்? பூச்சி வந்தால் என்ன செய்வீர்கள்? பக்கத்து வயல் தண்ணீர் உங்கள் வயலுக்குள் வருமா? எந்த ஆலையில் அரைக்கிறீர்கள்?

விதைக் கேள்வி முக்கியம். பாரம்பரிய நெல்லை மீட்டெடுத்தவர்களில் ஒருவரான 'நெல்' ஜெயராமன், திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்திவந்தார். 2 கிலோ விதை வாங்கிப்போகிற விவசாயி அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது அங்கே வழக்கம். அவர் 2018-இல் மறைந்துவிட்டார். அப்படிப் பரவிய விதைகள்தான் இன்று பல மாவட்டங்களில் நிற்கின்றன. விதையின் வழி தெரிந்த விவசாயி ரகத்தின் பெயரைத் தவறாகச் சொல்லமாட்டார். நம் மாவட்டத்தின் பெயரையே தாங்கிய செங்கல்பட்டு சிறுமணி என்றொரு ரகமும் உண்டு. யாராவது போடுகிறார்களா என்று போகிற இடமெல்லாம் கேட்டுவையுங்கள். கேட்பவர் இருந்தால்தான் போடுபவர் வருவார்.

குறிப்பு: 'இயற்கை' என்று எழுதிய அட்டையைப் பார்த்து மயங்கவேண்டாம். பி.ஜி.எஸ். முறையில் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து பெறும் சான்று இருந்தால் நல்லது. வீட்டுக்கு நேரடியாக விற்கும் சிறு விவசாயியிடம் சான்று இல்லாமலும் இருக்கலாம். "நடவு முடிஞ்சதும் ஒரு தடவை யூரியா போட்டேம்மா" என்று உள்ளதைச் சொல்பவரை, எல்லாம் நூறு சதவீதம் இயற்கை என்று அடித்துச் சொல்பவரைவிட நான் நம்புவேன். அவரோடு பேசி, அடுத்த பருவத்தில் அந்த ஒரு தடவையையும் விடச் செய்யலாம்.

விலை பேசுவது

இங்கே பேரம் வேண்டாம், கணக்குப் போடுங்கள். 2025-26 பருவத்தில் அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், ஊக்கத்தொகை சேர்த்து, குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். 100 கிலோ நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 65 கிலோ அரிசி தேறும். பொது ரகத்தையே எடுத்துக்கொண்டாலும் கிலோ அரிசிக்கு நெல்லின் விலை மட்டும் 38 ரூபாய்க்கு மேல் வந்துவிட்டது. அவித்துக் காயவைக்கும் கூலி, அரவை, சாக்கு, வண்டி எல்லாம் இதற்கு மேல். பாரம்பரிய ரகங்களில் ஏக்கருக்கு விளைச்சலும் குறைவு. இத்தனையையும் கூட்டிப் பார்த்த பிறகு அவர் சொல்லும் விலை நியாயமா என்று நீங்களே முடிவு செய்யலாம். மாப்பிள்ளைச் சம்பா என்ற பெயரில் யாராவது 40 ரூபாய்க்குக் கொடுத்தால், அது என்ன அரிசி என்றுதான் சந்தேகப்படவேண்டும்.

பேச்சை எப்போதும் கிலோவில் வையுங்கள். 'மூட்டை' என்பதன் எடை ஊருக்கு ஊர் மாறும்.

அரிசி கைக்கு வரும் நாளில்

1. எடையைப் பாருங்கள். பார்த்ததை ஐந்து வீட்டுக் குழுவில் எழுதிப் போடுங்கள்.
2. ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். தீட்டாத அரிசியின் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். அடித்தால் வாங்கவேண்டாம்.
3. ஓர் அரிசியைப் பல்லில் வைத்துக் கடியுங்கள். 'டக்' என்று உடையவேண்டும். மெத்தென்று நசுங்கினால் ஈரம் இருக்கிறது, பூசணம் பிடிக்கும்.
4. எப்போது அறுத்தது என்று கேட்டு, சாக்கின் மேல் எழுதிவையுங்கள். புது நெல் அரிசி குழையும். தையில் அறுத்ததை நெல்லாகவே சில மாதம் வைத்திருந்து, தேவைக்கு அரைத்துத் தருவாரா என்று கேளுங்கள். நல்ல விவசாயிகள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பூச்சி வராமல் வைப்பது

இந்த அரிசியில் வண்டு வரத்தான் செய்யும். அதைக் கண்டு பயப்படவேண்டாம், ஆனால் இடமும் கொடுக்கவேண்டாம். ஒரு மாதத்துக்கு மேல் போகும் அளவு வாங்காதீர்கள். ஈரமில்லாத எவர்சில்வர் டிரம்மில் போட்டு, தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். காய்ந்த வேப்பிலை, காய்ந்த மிளகாய், வசம்புத் துண்டு ஆகியவற்றைத் துணியில் முடிந்து உள்ளே போடலாம். முடிச்சு அவிழாமல் இருக்கவேண்டும், வசம்பு அரிசியோடு சேர்ந்து வெந்துவிடக் கூடாது. வண்டு வந்துவிட்டால் முறத்தில் புடைத்து நிழலில் பரப்புங்கள். கடும் வெயிலில் கொட்டினால் அரிசி விரிசல் விட்டு, வேகும்போது நொய்யாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாங்கும் அளவைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

எச்சரிக்கை: கிடங்குகளில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு ஆளைக் கொல்லும். மூடிய அறையில் தூங்குகிறவர்களுக்குத் தப்பிக்க வழியில்லை. அரிசியில் போரிக் பவுடர் கலப்பதும் கூடாது. சாக்குக்குள் மாத்திரைப் பொட்டலமோ சாம்பல் நிறப் பொடியோ கிடந்தால் அந்தச் சிப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சமைப்பது

பலர் பாதியில் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். குக்கரில் வழக்கமாக வைக்கும் மூன்று விசிலை வைத்து, வேகாத சோற்றைப் போட்டு, "இது ஆகாது" என்று முடித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு ரகத்துக்கும் ஊறும் நேரம் வேறு. கீழே சொல்லியிருப்பது தீட்டாத புழுங்கல் அரிசிக்கான அளவு. உங்கள் குக்கருக்குத் தக்கபடி ஒரு விசில் கூட்டியோ குறைத்தோ பார்த்துக்கொள்ளுங்கள்.

1. தூயமல்லி, கிச்சிலிச் சம்பா: இதிலிருந்து தொடங்குங்கள். வெளிர்ந்த நிறம், குழந்தைகள் முகம் சுளிக்கமாட்டார்கள். இரண்டு மணி நேரம் ஊறவேண்டும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். ஐந்து விசில் வைத்து, ஆவி தானாக அடங்கட்டும்.

2. பூங்கார்: சிவப்பு. நான்கு மணி நேரம் ஊறவைத்து, மூன்றரைப் பங்கு தண்ணீர். சாம்பாரைவிடக் காரக்குழம்புக்கும் மோருக்கும் நன்றாகச் சேரும்.

3. மாப்பிள்ளைச் சம்பா: ராத்திரி முழுக்க ஊறவேண்டும். நான்கு பங்கு தண்ணீர், மிதமான தீயில் ஏழு விசில். மதியச் சோறாகத் தொடங்கினால் தோற்றுப்போவீர்கள். முதலில் கஞ்சியாக, அடுத்து இட்லியாகப் பழகுங்கள். இட்லிக்கு நான்கு பங்கு அரிசி போடுகிற இடத்தில் ஒரு பங்கை மட்டும் இதற்கு மாற்றி, தனியாக எட்டு மணி நேரம் ஊறவைத்து அரையுங்கள். உளுந்து, வெந்தயம் வழக்கம்போல்.

4. கருப்புக் கவுனி: இரண்டு முறை அலசிவிட்டு எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரிலேயே வேகவையுங்கள். நிறம் அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கும். தேங்காய்த் துருவலும் கருப்பட்டியும் சேர்த்தால் வேறொன்றும் வேண்டாம். வாரம் ஒரு முறை போதும், விலையும் அதிகம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள் சில. வெள்ளை அரிசியோடு இந்த ரகங்களைக் கலந்து ஒரே பாத்திரத்தில் வைப்பது முதல் தவறு. ஒன்று குழையும்போது இன்னொன்று வேகாமல் கிடக்கும். கலப்பதற்குப் பதிலாக வாரத்தில் இரண்டு வேளையை முழுதாக மாற்றுங்கள். ஒரே நேரத்தில் ஆறு ரகம் வாங்கிவைப்பது அடுத்த தவறு. ஒரு ரகத்தை இரண்டு மாதம் சமைத்தால்தான் கை பழகும். வடித்த கஞ்சியைக் கொட்டுவது மூன்றாவது. பி வகை வைட்டமின்களில் ஒரு பகுதி கஞ்சியோடு போய்விடுகிறது. அதில் உப்பும் மோரும் சேர்த்துக் குடியுங்கள், அல்லது ரசத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் எட்டு மணி நேரம் வெளியே ஊறும் அரிசி புளித்து வாடை எடுக்கும். அந்த மாதங்களில் ஊறவைத்த பாத்திரத்தை ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள்.

பழைய சோறு போடும் முறை

மாப்பிள்ளைச் சம்பாவில் போட்ட பழைய சோற்றுக்கு ஈடில்லை. ஆனால் மதியம் வடித்து ராத்திரி வரை வெளியே கிடந்த சோற்றில் தண்ணீர் ஊற்றுவது சரியான முறை அல்ல. சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி வளரும். அது விடும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

1. ராத்திரிச் சமையலில் வடித்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். வடித்து இரண்டு மணி நேரத்துக்குள் அடுத்த படிக்கு வந்துவிடவேண்டும்.
2. சுத்தமான மண்சட்டியில் போட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரை மூழ்கும்படி ஊற்றி மூடுங்கள்.
3. காலையில் சாப்பிட்டுவிடுங்கள். மிச்சத்தை மதியத்துக்கு வைக்கவேண்டாம்.
4. நூல் விட்டாலோ, கொழகொழவென்று ஆனாலோ, இளஞ்சிவப்புப் படலம் தெரிந்தாலோ கொட்டிவிடுங்கள்.

கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு இது வேண்டாம்.

கீரை

கீரையில் எந்த ரகம் என்பதைவிட எந்தத் தண்ணீர் என்பதுதான் கேள்வி. தாம்பரத்திலிருந்து மறைமலைநகர் வரை ஊர் வளர்ந்த வேகத்தில், பல ஏரிகளிலும் கால்வாய்களிலும் வீட்டுக் கழிவுநீர் கலக்கிறது. அந்தத் தண்ணீரில் கீரை தளதளவென்றுதான் வளரும், பார்வைக்கு ஏமாற்றிவிடும். காலையில் கட்டு கொண்டுவரும் அம்மாவிடம், "அக்கா, இது எந்த ஊருக் கீரை? கிணத்துத் தண்ணியா, ஏரித் தண்ணியா?" என்று கேளுங்கள். தானே பயிரிடுகிறவர் உடனே பதில் சொல்வார். மொத்தச் சந்தையிலிருந்து எடுத்து வருகிறவருக்குத் தெரியாது. அவர்மேல் தவறில்லை, ஆனால் நாம் தேடுவது முதலாமவரை. அவர் கிடைத்துவிட்டால், ஐந்து வீட்டுக்கும் வாரம் இரண்டு நாள் இத்தனை கட்டு என்று சொல்லிவையுங்கள். முளைக்கீரை விதைத்து 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். முன்கூட்டியே தெரிந்தால் அவர் பாத்தி பிரித்து விதைப்பார்.

கழுவும் வரிசை இது:

1. வேரை வெட்டி எறிந்துவிட்டு, அழுகிய இலை, பூச்சி முட்டை உள்ள இலைகளை நீக்குங்கள்.
2. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிக் கீரையை அமிழ்த்துங்கள். தண்ணீரைச் சாய்க்காமல் கீரையைக் கையால் அள்ளி வெளியே எடுங்கள். மணல் அடியில் தங்கிவிடும்.
3. அடியில் மணல் தெரியாத வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். மூன்று முறையாவது வேண்டியிருக்கும்.
4. கடைசியாக உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள்.
5. நறுக்குவது இதற்குப் பிறகுதான். நறுக்கிவிட்டுக் கழுவினால் சத்து தண்ணீரோடு போகும்.

உப்புத் தண்ணீர் மேலே உள்ள அழுக்கையும் ஓரளவு மருந்தையும்தான் நீக்கும். இலைக்குள் ஏறியது போகாது. விளையும் இடத்தைக் கேட்கச் சொல்வது அதனால்தான்.

மழை மாதங்களில் கீரை அழுகும், விலை ஏறும். அப்போது முருங்கைக்கீரை கைகொடுக்கும். மாடியில் இடமிருந்தால் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளையில் செடிப் பை, தென்னை நார்க் கட்டி, விதை எல்லாம் சேர்ந்தே வரும்.

யார் கவனமாக இருக்கவேண்டும்

சர்க்கரை நோயாளிகள்: கவுனியும் அரிசிதான், பூங்காரும் அரிசிதான். அளவு கூடினால் சர்க்கரை கூடும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்துப் பாருங்கள். அரிசியை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தீட்டாத அரிசி, கீரை இரண்டையும் மருத்துவரிடம் கேட்டுத்தான் தொடங்கவேண்டும், பொட்டாசியமும் பாஸ்பரசும் அதிகம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைத் தடுக்கும்.

ஐந்து வீடும் பிரியாமல் இருக்க

1. மாதம் ஒரு வீடு பொறுப்பு. பணம் வசூல், விவசாயிக்கு அனுப்புவது, எடை போட்டுப் பிரிப்பது மூன்றும் அந்த வீட்டின் வேலை.
2. அரிசி வரும் முன்பே பணம் சேர்ந்துவிடவேண்டும். விவசாயியைக் கடனுக்கு நிறுத்தக் கூடாது.
3. ஒரு வீடு ஊருக்குப் போனாலும் அந்த மாதப் பங்கை வாங்கியே ஆகவேண்டும். வேண்டாமென்றால் மாற்று வீட்டை அவர்களே பிடித்துத் தரவேண்டும்.
4. குறை இருந்தால் விவசாயியிடம் ஒருவர் மட்டும் பேசுங்கள். ஐந்து பேர் ஐந்து விதமாகப் பேசினால் அவர் போனை எடுக்கமாட்டார்.
5. விதைப்புக்கு முன்பே அடுத்த பருவத்துக்கான அளவைச் சொல்லி, முடிந்தால் ஒரு பகுதி முன்பணம் கொடுங்கள். மழையில் பயிர் போனால் அந்தப் பணத்தில் பாதி அடுத்த பருவத்துக்குப் போகும், மீதிப் பாதியை நாமே ஏற்போம் என்று முதலிலேயே பேசி எழுதிவையுங்கள். வடகிழக்குப் பருவமழையில் இங்கே ஏரி நிரம்புவதும் வயல் மூழ்குவதும் புதிதல்ல.

மழையில் சாய்ந்த பயிரை அறுத்து அரைத்தால் நொய் அதிகமாக வரும். அந்த வருடம் அதையும் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும் முன் பூசண வாடை, கருத்த அரிசி இருக்கிறதா என்று பார்த்துவிடவேண்டும், இருந்தால் அதைச் சமைக்கக் கூடாது. நல்ல நொய்யை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு ஆறு பங்கு தண்ணீர், நான்கு பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி வெந்தயம் சேர்த்துக் குக்கரில் நான்கு விசில் விடுங்கள். இறக்கிய பின் உப்பும் கெட்டித் தேங்காய்ப் பாலும் ஊற்றிக் கிளறினால் நான்கு பேருக்குக் காலைக் கஞ்சி. பயத்தம்பருப்புத் துவையலோ, சுட்ட அப்பளமோ தொட்டுக்கொள்ளலாம்.